மிச்ச மாத்திரைகளை எண்ணுகிறவள்

என் வேலை எண்ணுவது.
யஸ்த் நகர மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
திரும்பி வரும் டப்பாக்களைக் கவிழ்த்து
நீலத் தட்டின்மேல் ஐந்தைந்தாகத் தள்ளுவேன்.
வாரத்துக்கு ஒன்று, பன்னிரண்டு வாரம்.
கொடுத்தது பதினான்கு என்றால்
மிச்சம் இரண்டு இருக்க வேண்டும்.
குறைந்தால் ஒரு கேள்வி,
கூடினால் வேறொரு கேள்வி.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்.
ஆடு நிற்கக்கூட நிழல் தேடும்.
கதவுக் கைப்பிடி தொட்டவன் தோலை வாங்கும்.
ஆனாலும் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்
வைட்டமின் டி
தரைதட்டிக் கிடக்கிறது.
தடித்த மண்சுவர், மூடிய சந்து, இழுத்துவிட்ட திரை.
வெயிலுக்குத் தப்பப் படித்த ஊர்
தேவைக்கு மேலேயே படித்துவிட்டது.

கொத்ரத் ரொட்டி சுடுகிறவர்.
இரவு இரண்டு மணிக்கு அடுப்பு,
காலை பத்து மணிக்குக் கறுப்புத் திரைக்குப் பின்னால் தூக்கம்.
"சூரியனா?
வெள்ளிக்கிழமை கண்டால் சலாம் சொல்வேன்."
பதினெட்டு வருடச் சர்க்கரை நோய்.
சர்க்கரைக் கட்டியை விட்டாயிற்று என்றார்.
சொல்லும்போது
இடது கன்னம் கொஞ்சம் புடைத்திருந்தது.

மாத்திரைகள் இரண்டு வகை,
ஒரே மஞ்சள், ஒரே வழவழப்பு.
ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் எண்ணெய்.
எது எவருக்கு என்று
அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது,
டாக்டர் நிகூயிக்கும் தெரியாது.
இரும்பு அலமாரியில்
அரக்கு வைத்த உறைக்குத் தெரியும்.

அவர் டப்பாவில் என்றும் கணக்குப் பிசகாது.
இரண்டு என்றால் இரண்டு.
ஆய்வில் இவரைப்போல் ஒழுங்கானவர் இல்லை என்று
கட்டத்தில் பச்சை மையால் எழுதினேன்.

இருபத்துநான்காம் வாரம் மனைவியோடு வந்தார்.
மேசைமேல் சூடான ரொட்டியை வைத்தார்கள்,
அடுப்புக் கூழாங்கற்கள் அங்கங்கே ஒட்டியபடி.
மாஹ்ரோக் அம்மாள் கேட்டார்:
"என் மாத்திரை தீர்ந்துவிட்டது மகளே,
எனக்கும் ஒரு டப்பா கொடு."

கொத்ரத் தன் செருப்பைப் பார்த்தார்.
ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் அவளுக்கு.
"நல்ல பொருளைத் தனியாய்த் தின்று
பழக்கமில்லையே."

அந்த அம்மாளுக்குச் சர்க்கரை கிடையாது,
முழங்கால்தான்.
இப்போது வலி விட்டுப்போச்சாம்.
நாலு வருடம் ஏறாத மொட்டைமாடிக்கு
நண்பகலில் ஏறித் துணி காயப்போடுகிறாராம்.
முட்டிவரை பாவாடையைத் தூக்கிக்கொண்டு
யாரும் பார்க்காத நேரம்
உட்கார்ந்துவிட்டு வருகிறாராம்.

படிவத்தில் 'விதிமீறல்' என்றொரு பத்தி.
காரணம் என்ற இடத்தில்
'மனைவி' என்று எழுதினேன்.

பிறகு எண்கள் வந்தன.
மூன்று மாதச் சராசரி, கொத்ரத்துக்கு
எட்டு புள்ளி நான்கு, எட்டு புள்ளி மூன்றாகியிருந்தது.
"இது கருவியின் தும்மல்" என்றார் டாக்டர்.
எல்லோருடையதையும் சேர்த்துப் பார்த்தால்
மருந்து தின்றவர்களில் மிகவும் வறண்டிருந்தவர்களுக்கு
ஒரு மயிரிழை இறக்கம்.
மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.
முடிவுரையில் 'உண்டு' என்று எழுதி அடித்தார்,
'இல்லை' என்று எழுதி அடித்தார்.
தேநீர் ஆறிப்போனது.
'இருக்கலாம்' என்று எழுதினார்.

உறையைப் பிரித்தோம்.
கொத்ரத்துக்குப் போனது சூரியகாந்தி எண்ணெய்.
எங்கள் பாரசீகத்திலும்
அந்தப் பூவின் பெயரில் சூரியன் உண்டு,
பெயரில் மட்டும்.

தகவல் சொல்வது விதி. தொலைபேசியில் அழைத்தேன்.
மாஹ்ரோக் அம்மாள்தான் எடுத்தார்.
காற்றில் துணி படபடக்கும் சத்தம்.
"அவர் தூங்குகிறார், நான் மாடியில் இருக்கிறேன், சொல்லு."

அவரிடமே சொல்ல வேண்டும், எழுந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன்.
முழங்காலைப் பற்றி
என் படிவத்தில் கட்டம் இல்லை.

இழுப்பறையில்
அந்த ரொட்டியிலிருந்து உதிர்ந்த கூழாங்கற்கள்.
நீலத் தட்டில் கொட்டி
ஐந்தைந்தாகத் தள்ளினேன்.
ஏழு.
எத்தனை இருக்க வேண்டும் என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.