ஆளுக்கொரு தண்ணீர்

பாலத்தில் ஓடி முடித்த ஞாயிறு காலை
ஜெலுத்தோங் சந்தையில்
மீன்கார ஆ செங்கிடம் ஐஸ் கேட்டேன்.
இருபது கிலோ.
தராசை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.
"யார் வீட்டில்?"
மலாயில், குரலைத் தாழ்த்தி.

இரண்டு மூட்டையோடு லிஃப்டில் ஏறினால்
ஏழாம் மாடி பரிமளம் அக்கா
கீரைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
"ஐயோ, யாரும்மா போயிட்டது?"
"என் ரெண்டு காலும், அக்கா."
அவர் சிரிக்கவில்லை.
எங்கள் பிளாக்கில் ஐஸ் மேலேறினால்
ஒரே காரியத்துக்குத்தான், இத்தனை வருஷமும்.

துணி ஊறப்போடும் நீலத் தொட்டி.
ஐஸில் கெம்போங் மீன் வாடை.
முதல் நிமிடம் மூச்சு என்னுடையதில்லை.
மூன்றாவதில் கால்கள் என்னுடையவை இல்லை.
அப்புறம் ஒரு செதில் மிதந்து வந்து
முழங்காலில் ஒட்டிக்கொண்டது.
நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்
யாரோ சொல்லக் கேட்டது போல ஆகிவிட்டது.

விக்னேஸ்வரிக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை.
அவள் பதினாலாம் மாடி.
பிற்பகல் இரண்டு மணிவரை காத்திருப்பாள்,
மொட்டைமாடித் தொட்டியை வெயில் காய்ச்சி முடிக்க.
பினாங்கில் அந்த நேரத்துக்கு
எந்தக் குழாயைத் திருகினாலும் வெந்நீர்தான்,
பில் வராத வெந்நீர்.
இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை
வாளி வாளியாய் ஊற்றிக்கொள்வாள்.
வலியை விரட்டக்கூடாதாம்.
உட்காரவைத்து ஒரு தே கொடுத்து அனுப்ப வேண்டுமாம்.

வாட்சப்பில் சண்டை.
ஐஸ் வலியோடு சேர்த்து
தசை வளரும் கதவையும் சாத்திவிடும் என்று அவள்.
வீங்கின இடத்தில் வெந்நீரா, பைத்தியமே என்று நான்.
ஆளுக்கொரு கட்டுரை,
ஆளுக்கொரு டாக்டர்,
கோபப் பொம்மைகள்.
இருவருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரே ஆலை,
ஒரே ஷிஃப்ட்.
பன்னிரண்டு மணிநேரம் நின்றே பார்க்கும் வேலை.
அதற்கு எந்தத் தண்ணீர் என்று
இதுவரை ஒரு கட்டுரையும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை லிஃப்ட் கெட்டது.
மணி ஐந்தரை. ஆலை பஸ் ஆறுக்கு.
முன்பக்கமாய் ஒரே ஒரு படி இறங்கிப் பார்த்தேன்,
தொடை கூப்பாடு போட்டது.
திரும்பிக்கொண்டேன்.
கைப்பிடியை இறுக்கி,
ஏணியில் இறங்குகிறவள் மாதிரி
பின்னுக்கு, ஒவ்வொரு படியாய்.

மேலே இன்னொரு ஜோடிச் செருப்பு
தயங்கித் தயங்கி வந்தது.
அண்ணாந்தேன்.
விக்னேஸ்வரியின் முதுகு.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவளும்.

ஏழாம் மாடியில் கதவைத் திறந்த பரிமளம் அக்கா
இறங்கி வரும் இரண்டு முதுகுகளையும்
நின்று பார்த்தார்.
உள்ளே போய்
கோடாலித் தைலக் குப்பியோடு வந்தார்.
அப்போதுதான் சிரித்தார்,
ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பையும் சேர்த்து.

பஸ்ஸில் கடைசி சீட்டில்
முழுக்குப்பியும் தீர்ந்தது.
ஏர்கோனை அணைத்துவிட்டு
டிரைவர் எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னார்.