அடிக்குறிப்பு

ஹொன்னேசந்திரா ஏரியின் ஆழம்
பதினேழு அடி
என்கிறது மேசைமேல் கிடக்கும் அறிக்கை.
வழவழத்த காகிதம், அரசு முத்திரை,
அடியில் பொடி எழுத்தில் ஓர் எண்: நாற்பத்திரண்டு.

நாற்பத்திரண்டு என்னைப் புனேக்கு அனுப்பியது.
புனேக்காரர் டில்லியைக் கைகாட்டினார்.
டில்லி, ஒரு ஜெர்மன் ஆய்வேட்டை.
ஜெர்மன்காரி ஒழுங்கானவள்,
"புனே" என்று எழுதி
பக்க எண்ணும் போட்டிருந்தாள்.

ஒரே பட்டு வேட்டியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு
ஒன்பது பேர் கல்யாணத்துக்குப் போன மாதிரி
ஒன்பது கட்டுரைகளில் அந்தப் பதினேழு.
ஒருத்தர்கூடக் கால் நனைக்கவில்லை.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால்
கேட்பவருக்கு மதி எங்கே என்பார்கள்.
நெய்யின் நிறம், மணம், வெப்பநிலை எல்லாம்
அட்டவணை போட்டுக் கொடுத்துப் பாருங்கள்,
மதியும் கையெழுத்துப் போட்டுவிடும்.

எனக்குச் சந்தேகப்படத்தான் சம்பளம்.
யார் சொன்னது, எப்போது, எதை வைத்து,
சொன்னதில் அவருக்கு என்ன வரும்படி.
செவ்வாய்க்கிழமை நேரிலேயே போனேன்.
ஹெப்பாள் மேம்பாலத்தில் மட்டும் ஒன்றேகால் மணிநேரம்.

ஏரியில் பாதி, அப்பார்ட்மென்டின் கார் நிறுத்தம்.
மீதி, நுரை.
மதகோரம் பெட்டிக்கடை சிக்கரங்கப்பா
கேட்ட மாத்திரத்தில் சொன்னார்:
"ஹதினேளு அடி, மேடம்."
அளந்தீர்களா?
"புஸ்தகத்தில் போட்டிருக்கிறதே!"
யாரோ ஆபீசர் வாசித்துக் காட்டினாராம்.

ஊர்வாய், அச்சு வாயைப் பார்த்துச் சொல்கிறது.
அச்சு வாய்
ஊர்வாயைக் கேட்டதாகச் சொல்கிறது.

விட்டிருக்கலாம்.
புனேக் கட்டுரையின் முதல் பதிப்பில்
பிறகு வெட்டப்பட்ட அரை வரி இருந்தது:
கள ஆய்வு, ஜூலை 2004.

கிடங்கில் மூன்று நாள் தும்மல்.
நான்காம் நாள் கிடைத்தது படிவம்.
ஆழம்: 17.
அளந்த முறை: கட்டம் காலி.
அளந்தவர்: செ.அ.

அந்தச் 'செ'யின் கொம்பை எனக்குத் தெரியும்.
வங்கிக் காசோலையில் இன்றும்
அப்படித்தான் சுழிக்கிறேன்.

இருபத்திரண்டு வயது, தினக்கூலி நூற்றைம்பது,
ஏரிக்கு ஒரு படிவம்.
மதகுச் சுவரிலிருந்து கல்லைக் கட்டி இறக்கினேன்.
கயிற்றில் பன்னிரண்டு முடிச்சு.
பன்னிரண்டும் நீருக்குள் போயும்
கல் தரை தட்டவில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
எலஹங்கா பேக்கரியில் காரா பன் தின்றபடி யோசித்தேன்.
இருபது என்றால் ஊகம் என்று தெரிந்துவிடும்.
பதினேழு என்றால்
அளந்த மாதிரி இருக்கும்.

அடி அமலோற்பவம்,
உன்னைத்தானா இத்தனை நாள்
ஜெர்மனி வரைக்கும் தேடினேன்?

அந்த மழையில் உண்மை ஒன்று இருக்கத்தான் செய்தது.
எந்தக் கட்டுரையிலும் அது வரவில்லை.
இன்றிரவு பதினேழை அழித்துவிட்டு
அதைத் தட்டச்சு செய்கிறேன்:

பன்னிரண்டுக்கு மேல். கயிறு போதவில்லை.

கட்டம் சிவக்கிறது.
எண்ணை மட்டும் உள்ளிடவும்.