வேண்டாம் என்பவன்

இரவு எட்டரைக்கு நான் வாடிக்கையாளன்.
நெலிதா பின்வாசலால் வெளியேறி
வீட்டைச் சுற்றி வந்து
முன்கதவைத் தட்டுவாள்.
புந்தா அரேனாஸில் கதவைத் திறப்பதென்றால்
ஒரு கை தாழ்ப்பாளில், ஒரு கால் முட்டுக்கொடுத்து.
தெருமுனைகளில் மனிதர்கள் பிடித்து நடக்கக்
கயிறு கட்டும் ஊர் இது.
"வணக்கம் ஐயா, இரட்டைக் கண்ணாடி ஜன்னல்…"
"வேண்டாம்."
சாத்திவிடுவேன்.
அதுதான் ஒப்பந்தம்.

பகலில் நண்டுத் தொழிற்சாலையில்
கால்களை உடைத்துச் சதை எடுக்கிறவன்.
இரவில் ஒருநாள் நான் நோட்டரி,
ஒருநாள் பல் டாக்டரின் விதவை,
நேற்று, பக்கத்து வீட்டுத் தொப்பியை இரவல் வாங்கி,
ஓய்வுபெற்ற கடற்படைக்காரன்:
"முப்பது வருஷம் குளிரைத் தின்று வளர்ந்தவன்,
எனக்கா ஜன்னல் விற்கிறாய்?"
சிரித்துவிட்டாள்.
சிரித்ததற்குக் குளிர்பெட்டிக் கதவில்
சாக்பீஸால் ஒரு கோடு.

ஜூலை முழுக்கக் கொட்டித் தீர்த்தாள்:
நடுவில் ஆர்கான் வாயு,
பன்னிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி,
பத்து வருஷ உத்தரவாதம்.
விலையைச் சொன்ன மறுநொடி
தானே பயந்து தள்ளுபடியும் சொன்னாள்.
நான் வாயே திறக்கவில்லை,
ஐந்து சதவீதம் குறைந்தது.
இருமினேன்,
இன்னும் ஐந்து.

விலையைச் சொல், பிறகு ஏழு வரை எண்ணு
என்றாளாம் அவள் கம்பெனியின் மார்லேனி.
கேட்க எளிது.
முதல் வாரம் மூன்றிலேயே உடைந்தாள்.
நான்கில் பத்து நாள் மாட்டிக்கொண்டு நின்றாள்.
அந்த மௌனத்தில்
தகரக் கூரை அடித்துக்கொள்ளும்,
கெட்டில் முனகும்,
நண்டு வாடை போகாத என் விரல்கள்
ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும்.
எனக்கே எதையாவது வாங்கித் தொலைக்கலாம்போலிருக்கும்.

அவளுக்கு மட்டுமா பயிற்சி?
செப்டம்பருக்குள் என் வேண்டாம்களை
நானே தரம் பிரிக்கத் தொடங்கியிருந்தேன்.
காசில்லாத வேண்டாம்
காலைப் பார்த்துச் சொல்லப்படும்.
வீட்டில் கேட்கணும் என்கிற வேண்டாம்
கதவை முழுதாகச் சாத்தாது.
இன்னும் கொஞ்சம் கெஞ்சு என்கிற வேண்டாமுக்கு
நோட்டரியின் முகவாய்.
பிறகு, அசல் வேண்டாம்:
குட்டையானது, கோபமில்லாதது.
அதைக் கேட்டதும் நன்றி சொல்லி
அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டும்.
அதை மட்டும் அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர். சீசன் முடியும் வாரம்.
"ஞாயிறும் வந்துவிடு எலிசேயோ,
கூலி பிறகு பார்த்துக்கலாம்"
என்றான் மேஸ்திரி மான்சில்லா.
பதினோரு வருஷமாகச் சரி என்ற வாய்
"வேண்டாம்" என்றது.
குட்டையாக. கோபமில்லாமல்.
அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு. மூன்று.
கன்வேயரில் நண்டுகள் போய்க்கொண்டிருந்தன.
ஐந்து.
ஆறில் அவன் தொண்டையைச் செருமினான்.
பெல்ட்டின் மறுபக்கம் ரோசென்டா
கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவில்லை.
அவளும் ஒன்று வைத்திருந்தாள்,
கோட்டைக் கழற்றுமுன் சொல்லிவிட்டாள்:
மலைச்சரிவில், மஞ்சள் வீடு,
விலை சொன்னேன், எண்ணினேன், ஏழு,
அந்தம்மா "இரு, கண்ணாடியை எடுத்துவருகிறேன்" என்றாள்.
படிக்கிற கண்ணாடி!
வாங்கினாளா என்றேன்.
வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறாள்.

எட்டரை. கதவு தட்டல்.
"இன்று யார் நீ?"
தொப்பியைத் தேடினேன், திருப்பிக் கொடுத்தாயிற்று.
"நானேதான்."
எங்கள் சமையலறை ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி,
இடுக்கெல்லாம் செய்தித்தாள்,
பெருங்காற்றில் தலைப்புச் செய்திகள் படபடக்கும்.
அவள் அதைப் பார்த்தாள்.
டேப்பை எடுத்தாள், அளந்தாள்,
குறிப்பேட்டில் கூட்டினாள்,
விலையைச் சொன்னாள்.
தள்ளுபடி இல்லை.

நான் வாய் திறக்கவில்லை.
அவளும்.
கூரை அடித்துக்கொண்டது.
கெட்டிலை யாரும் இறக்கவில்லை.
ஏழு.
எட்டு.