கோட்டின் பருமன்

வெர்லின் கடை மேசைமேல் நான்கு தொலைநோக்கிகள்.
விலைச்சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார், ஒரு மரியாதைக்கு.
"வாசலில் நின்று பார், ஃபோனா,
உள்ளே விளக்கு பொய் சொல்லும்."
வாசலில் லஸ்க் ஊரின் தண்ணீர்த் தொட்டி,
அதற்கப்பால் தண்டவாளம்,
அதற்கப்பால் வயோமிங், வேலிகூட இல்லாமல்.

முதலாவதில் வெறும் சிலுவை.
மான் வேட்டைக்குப் போதும்.
தொட்டியில் எழுதிய ஊர்ப்பெயரில்
ஓர் எழுத்தை அது அப்படியே விழுங்கிவிட்டது.
ஆயிரம் கெஜத்தில் என் இரும்புத் தட்டு
இந்தக் கோட்டுக்குப் பின்னால் குடித்தனம் நடத்தும்.
சுட்டும் விரலே மறைக்குமென்றால்
விரலைத்தான் சுட வேண்டும்.

இரண்டாவதில் மீன்முள்.
தண்டு, தண்டின் இருபுறமும் கிளை,
கிளைக்குக் கிளை புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் எண்,
ட்ரௌட் மீனைத் தின்று முடித்த தட்டுபோல.
"காற்று மாறினால் திருகைத் தொடவே வேண்டாம்,
முள்ளைப் பிடித்துச் சுடு" என்கிறார்.
முள்ளில்லாத இடம் ஏதும் உண்டா என்றேன்.

பழையது எங்கே என்று அவர் கேட்கவில்லை.
ஊருக்கே தெரியும்.

செப்டம்பர் போட்டி. பத்து மணிக்கே கானல் ஓடியது.
ஓடைக்கடியில் கிடக்கும் காசாகத் தட்டு நெளிந்தது.
பார்வை தெளியட்டுமென்று
இருபத்துநான்கிலிருந்து பன்னிரண்டுக்கு இறக்கினேன்.
"இரண்டு இடது" என்றாள் ரனே.
குறி சொல்பவள் அவள், குறி பார்ப்பவள் நான்,
பதினோரு வருட ஏற்பாடு.
இரண்டு கோடு பிடித்தேன்.
தட்டுக்கு இடப்புறம் செம்மண் எழுந்து உட்கார்ந்தது.
"இரண்டு வலது" என்றாள்.
பிடித்ததை விட்டுவிட்டு நடுவில் சுட்டேன்.
வலப்புறம் செம்மண்.
இடம், வலம், இடம்,
நடுவில் அந்தத் தட்டு, கலியாணத்துக்கு அழைக்கப்படாத ஆள்மாதிரி.
"காற்றைப் பார்க்கத் தெரியாதவளுக்கு
எதற்கு இந்த நாற்காலி?" என்று கத்தினேன்.
பக்கத்து வரிசைக்காரர்கள் துப்பாக்கியைத் துடைக்கத் தொடங்கினார்கள்.
திரும்பும் வழியில் தொண்ணூறு மைல்,
வானொலி மட்டும் பேசியது.

அன்றிரவு கையேட்டின் ஒன்பதாம் பக்கம்:
இந்தக் கண்ணாடியில் உலகம்தான் சுருங்கும், கோடு சுருங்காது.
அளவு மெய்யாவது முழு உருப்பெருக்கத்தில் மட்டும்.
பன்னிரண்டில் இரண்டு என்பது நான்கு.

சமையலறையில் நெடுநேரம் நின்றிருந்தேன்.

நான்காவது கண்ணாடிதான் கண்ணுக்கு இதம், விலையும் சகாயம்.
ஆனால் அதன் கோடுகள் நிமிடக் கணக்கு,
ரனேயின் கண்ணாடி மில் கணக்கு.
அவள் ஒன்று சொல்ல, நான் மூன்றரையால் பெருக்கி முடிப்பதற்குள்
காற்று நெப்ராஸ்கா போய்ச் சேர்ந்திருக்கும்.

மூன்றாவதை மறுபடி எடுத்தேன்.
உலகம் பெருத்தால் கோடும் பெருக்கிறது,
சிறுத்தால் கூடவே சிறுக்கிறது.
அடிமட்டத்தில் சிலந்தி நூல்.
ஐம்பத்தேழு வயதுக் கண்ணுக்கு அது கொஞ்சம் அநியாயம்தான்.
ஆனாலும் எந்த அளவில் திருகினாலும்
இரண்டு இரண்டாகவே இருக்கிறது.
நடுவில் ஒரு துளிப் புள்ளி.
புள்ளியைச் சுற்றி எதுவும் வரையாமல் விட்டிருக்கிறார்கள்.
தண்ணீர்த் தொட்டியின் துருப்பிடித்த ஆணி ஒன்று
அந்த வெற்றிடத்தில் முழுசாக வந்து நின்றது.

எண்ணூறு டாலர் கூடுதல்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது இரண்டு குளிர்கால டயர்.

வெர்லின் ரசீது எழுதும்போது ரனேக்குச் செய்தி அனுப்பினேன்:
"இதில் இரண்டு எப்போதும் இரண்டு."
மன்னிப்பு என்ற சொல்லைத் தட்டினேன், அழித்தேன்,
கோடு தடித்துவிடும்போலிருந்தது.

பெட்டி வேண்டுமா என்று அவர் கேட்டார்.
கைபேசி அதிர்ந்தது.

"ஒன்பதாம் பக்கம் வரை
இப்போதுதான் படித்தாயா?"