முங்கும் பொம்மை

வாடை முதுகில் அடிக்கும்படி உட்கார வேண்டும்.
வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும்,
அப்போதுதான் அதன் நெஞ்சு நம் பக்கம்.
இதெல்லாம் உடையப்பன் சொன்னது.
தேவகோட்டைக் கோர்ட்டில் டவாலி அவன்.
யாரைப் பிடித்தால் லைசென்ஸ் கிடைக்கும் என்று அறிந்த அளவுக்கு
வாத்தையும் அறிந்துவைத்திருந்தான்.

கிளுவைக்கு இத்தனை பாடு தேவையில்லை.
கரையோரச் சேற்றில் வாலைத் தூக்கி மேய்கிற சாதி,
நாலு பொம்மை போட்டால் நம்பிவிடும்.
குடுமி வாத்து நடுக்கண்மாய்க்காரன்.
இங்கே முங்கி எங்கோ எழும்.
எண்ண உட்கார்ந்தால்
பதினெட்டு. பதினொன்று. இருபத்திரண்டு.
மறுபடி ஒன்பது.

பொம்மைகளை நான்தான் செதுக்கினேன்,
கானாடுகாத்தானில் இடித்த வீட்டு நிலைக்கால், பர்மாத் தேக்கு.
உடம்பு கறுப்பு, விலா வெள்ளை,
பஸ் பாடிக்கு அடித்து மிஞ்சிய எனாமல்.
வெயிலில் மினுங்கக் கூடாதென்று சாம்பல் தேய்த்தேன்.
கண்ணுக்கு மஞ்சள், குடுமிக்குத் தேங்காய் நார்.
நங்கூரம், உடைந்த ஆத்தங்குடிக் கல்.
ஒவ்வொரு பொம்மையும் கால்வாசிப் பூவைக்
கட்டி இழுத்துக்கொண்டு மிதந்தது.

லாடம்போல வளைத்துப் போடு என்றான்,
நடுவே இடம் விடு.
கூட்டத்தைப் பார்த்து வராது மாப்பிள்ளை,
கூட்டத்துக்குள் விட்டிருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் வரும்.
பந்தியில் காலி இலையைக் கண்ட
பசிக்காரன் மாதிரி.

இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில்
கருவேல முள்ளோடு நின்றதுதான் மிச்சம்.
வந்தன. இரண்டு வட்டம் அடித்தன.
மூன்றாவது வட்டத்தில் ஏதோ நினைவு வந்ததுபோல்
தெற்கே போய்விட்டன.
உடையப்பன் பீடியைக் கடித்தபடி ரொம்ப நேரம் பார்த்திருந்தான்.
"ஒண்ணுகூட முங்கலயேடா. அதான்."

அன்று ராத்திரி
ஒரு பொம்மையின் அடிவயிற்றில் வளையம் அடித்து,
அடியில் கிடக்கும் கல்லில் இன்னொரு வளையம்,
அதற்குள் நுழைத்த கயிறு நீருக்கடியில் வந்து
என் மணிக்கட்டில் முடிந்தது.
இழுத்தால் போகும்.
விட்டால் எழும், முதுகில் தண்ணீர் உருள.

தை ஏழாம் தேதி. விடியவில்லை.
காடாத் துணியைக் கிழிக்கிற சத்தம் தலைக்கு மேலே.
இழுத்தேன்.
பாதத்தை முன்னால் நீட்டிக்கொண்டு,
நீரைச் சீவிக்கொண்டு
லாடத்துக்குள் வந்து நின்றன.

உடையப்பன் குதிரையை மேலே ஏற்றுவது கேட்டது.

பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புப் பெட்டை.
நான் இழுத்தேன், பொம்மை போனது.
அவளும் போனாள்.
விட்டேன், அது எழுந்தது.
கொஞ்சம் தள்ளி அவள் எழுந்தாள்,
வாயில் பாசி.
மறுபடி இழுத்தேன். மறுபடியும் கூடவே.
எத்தனை தடவை என்று தெரியாது.
வேட்டைக்கு வந்தவன் நான்
என்பது எங்கோ நழுவிப் போயிருந்தது.

வெடித்தது.
இரண்டு சேவல் மல்லாந்தன.
பொம்மை மேல் சடசடவென்று ரவை.
அவள் முங்கிவிட்டாள்.
நானும் இழுத்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்,
இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.
"விடுறா, விடு, எந்திரிக்கட்டும்" என்று
அவன் தோட்டா தேடினான்.
கயிறு மணிக்கட்டை அறுத்தது.
கருவேல வேரில் சுற்றி முடிந்தேன்.

கோரைக்கு அப்பால், சுட்டால் எட்டாத தூரத்தில்,
ஒரு தலை.
அவளா?
பழுப்பு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இரண்டு வாத்தையும் பள்ளத்தூர்க் கல்யாண வீட்டில்
கொண்டுபோய் நீட்டினோம்.
தவசிப்பிள்ளை முகர்ந்தார்.
"கருவாட்டு வாடை" என்றார்.
வேலிக்கு அப்பால் எறிந்தாயிற்று.

சித்திரையில் கண்மாய் வற்றியபோது
மற்ற பொம்மைகளைப் பொறுக்கப் போனேன்.
அது மட்டும் சேற்றுக்குள் கிடந்தது,
கல்லோடு வயிறு ஒட்டி.
கயிறு எப்போதோ இற்றுவிட்டிருந்தது;
சேறு விடவில்லை.
தோண்டி எடுத்துக்
கடைசியாய்க் கிடந்த குட்டையில் அலசி விட்டேன்.

மிதந்தது,
ரவை ஏறிய பக்கம் கொஞ்சம் தாழ்ந்து,
ஒரு மஞ்சள் கண்
தண்ணீருக்குள் பார்த்தபடி.