மூச்சு விடாதே

"பேக்கரிக்காரியிடம் சொல்லாதே,
உன் தங்கையிடமும் சொல்லாதே,
இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே"
என்கிறாள் அம்மா.
விடமாட்டேன்.
நீ விடு, அம்மா.
அதைத்தான் கேட்கிறேன்.

உருளைக்கிழங்கு உரித்தபடியே தூங்கினாள் ஒரு நாள்.
கத்தி மடியில்,
தோல் பாதி சுருண்டு தொங்கியது.
இன்னொரு நாள் என் டாக்ஸியில்,
சிவப்பு விளக்குக்கும் பச்சைக்கும் நடுவே.
ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தூங்கியதை
நான் கணக்கில் சேர்க்கவில்லை.
அங்கே எல்லோரும் தூங்குகிறார்கள்.

மூன்று இரவு அவள் அறையில் படுத்தேன்,
பள்ளிக்கூடக் காலத்துக் கட்டிலில்,
ஐம்பத்தெட்டு வயதுக் கால்கள் வெளியே நீள.
தகரக் கூரைமேல் யாரோ
மரப்பெட்டியை இழுக்கிறார்கள்,
அப்படி ஒரு குறட்டை.
இழுத்து, இழுத்து,
சட்டென்று நிற்கும்.

அது நிற்கும்போது நானும் நிறுத்துவேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
நீரிணைக் காற்று சன்னலை உலுக்கும்.
உலகத்துக் காற்றில் பாதி
புந்தா அரேனாஸில்தான் குடியிருக்கிறது,
இவள் தொண்டைக்கு மட்டும் வழி தெரியவில்லை.
இருபத்தாறு. இருபத்தேழு.
எனக்கு முட்டிக்கொண்டு வரும். தோற்றுப்போவேன்.
முப்பத்தொன்றில் அவள்
தண்ணீருக்கடியிலிருந்து எழுந்தவள்போல்
ஒரு இழுப்பு இழுப்பாள்.

உயிர் போய் உயிர் வந்தது என்று
ஆயுளில் இரண்டு மூன்று முறை சொல்வோம்.
ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது முறை
என்று எழுதிக் கொடுத்தது
மருத்துவமனை மாட்டி அனுப்பிய கருவி.

கைபேசியில் பதிந்ததைப் போட்டுக் காட்டினேன்.
தலை சாய்த்துக் கேட்டாள், வானிலை அறிக்கை கேட்பதுபோல்.
"இது உன் அப்பா."
அப்பா போய்ப் பதினொரு வருடம்.
"எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?
நான் குறட்டை விட்டதே கிடையாது."

சாம்பல் நிறப் பையில் வந்தது இயந்திரம்.
சிலோயே தீவுக்காரச் செவிலியர் உலிசெஸ்
முகமூடியைத் தன் முகத்தில் வைத்துக் காட்டினார்,
யானைபோல் குழாயை ஆட்டினார்.
அம்மா சிரிக்கவில்லை.
"அறுபது வருடம் வாயை இறுக மூடிக்கொண்டு
இந்தக் காற்றை எதிர்த்து நடந்தேன்.
தெருமுனைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போனேன்.
இப்போது அதையே குழாய் வைத்து
வீட்டுக்குள் கூட்டிவருகிறாயா, தானிலோ?
அதுவும் தவணை கட்டி?"

முதல் இரவு பல்செட்டைக் கழற்றினாள்,
கன்னம் குழிந்தது, முகமூடி கசிந்தது,
விடியும்வரை ஒரு பாம்பு சீறியது.
இரண்டாம் இரவு வாரை இறுக்கினேன்,
மூக்குத்தண்டில் சிவப்புக் கோடு.
மூன்றாம் இரவு முகமூடி அலமாரிக்கு அடியில் கிடந்தது.
தானே போனதாகச் சொன்னாள்.
நான்காம் இரவு நான் கத்தினேன்.
கத்தியதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

பிறகு பகலில் பழக்கினோம்.
தொடர் நாடகம் பார்க்கும்போது அரை மணி நேரம்,
வில்லி வரும்போதெல்லாம் குழாய்க்குள்ளிருந்து திட்டினாள்.
சிறிய அளவு முகமூடி மாற்றினோம்.
வாருக்கு அடியில் என் பழைய பனியன் துண்டு.
காய்ச்சி வடித்த நீர் கடையில் தீர்ந்த வாரம்
ஊர் முழுக்க டாக்ஸியில் அலைந்தேன்,
பயணி யாரும் ஏறாமல்.

பதினேழாம் இரவு
சத்தமே இல்லை.
எண்ண எதுவும் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.
இருட்டில் எழுந்துபோய்
முகமூடியின் சின்னத் துளைகளருகே
புறங்கையை வைத்தேன்.
வெதுவெதுப்பாக வந்தது,
போனது, வந்தது.
"உயிரோடுதான் இருக்கிறேன். போய்ப் படு"
என்றது குழாய்.

காலையில் காபி ஆறும்வரை
கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூக்கின் இருபுறமும் வாரின் தடம்.
எத்தனையோ வருடம் கழித்துக் கனவு வந்ததாம்.
அப்பா வந்தாராம்.
"ஏதாவது சொன்னாரா?"

"எங்கே சொன்னார்?
படுத்ததும் குறட்டை."
ரொட்டியில் வெண்ணெய் தடவினாள், ஓரம்வரை.
"நான்தான் அன்றைக்கே சொன்னேனே."