ஒத்திவைப்பு

வாலரிங்காவில்
ரயில் நின்று நாற்பது வருஷம்.
தண்டவாளம் மட்டும் வெயிலில் படுத்திருக்கும்.
அதைத் தாண்டினால் கோர்ட்டு.
வாசலில் ஆராய்ச்சி மணி கிடையாது.
ஒரு தபால் பெட்டி, அதற்குள் குளவிக்கூடு.

சுவர் இரண்டடி கனம், மணற்கல்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி;
உள்ளே கால் வைத்தால்
பானைத் தண்ணீரின் குளிர்ச்சி.

எழுபத்தொன்றில் ஏலத்தில் எடுத்தார்கள்
ஈனிடும் ஜாகோவும்,
பழைய டிராக்டர் ஒன்றின் விலைக்கு.
நீதிபதி அறையில் கட்டில் போட்டார்கள்.
குமாஸ்தா மேஜைமேல் குழந்தை குளித்தது.
சாட்சிக் கூண்டில் டெலிபோன்.
"அதற்குள் நின்று பேசினால்
கடன்காரனிடம்கூடப் பொய் வராது" என்பாராம் ஜாகோ.
வந்தது என்கிறாள் ஈனிட். நிறையவே.

லாக்கப்பில் ஆப்ரிகாட் ஜாம் அடுக்கினார்கள்.
கதவுக்குப் பின்னால்
எவனோ ஆணியால் கீறிய பதினேழு கோடுகள்;
பக்கத்திலேயே பென்சிலில்
மகன் டென்சில் வளர்ந்த உயரங்கள்.
எது நாள், எது வயது என்று
பார்க்க வருகிறவர்களுக்குக் குழம்பும்.

ஜாகோ போனபின்
முன்கூடத்தை மியூசியம் ஆக்கினாள்.
ஒரு டாலர், ஊறுகாய் ஜாடியில்.
நாலு மணிக்குக் கயிறு கட்டிவிட்டுப்
பின்கட்டில் வெங்காயம் வதக்குவாள்.
வாசனை எழுந்து
குற்றவாளிக் கூண்டுவரை நடக்கும்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
வாரம் ஐந்து நாள் எலும்பு.
ஞாயிற்றுக்கிழமை இந்தப் பேரேடுகள்;
பூச்சி தின்றது போக மிச்சத்தைக்
கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன்.

இரண்டு கோழி திருடியவன்: ஏழு நாள்.
ரயிலடிக் கரியை மேலங்கியில் அள்ளிய பிரிட்ஜெட்: பதினான்கு.
குடித்துவிட்டுக் குதிரை ஓட்டியவர்: எச்சரிக்கை.
(இரண்டு பக்கம் தள்ளி அவரே கவுன்சிலர்.)
இந்த மண்ணின் மனிதர் ஒருவர்,
பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடு.
அந்தக் கோட்டுக்கு மூன்று மாதம்.

பிறகு, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று, மார்ச்:
மூட்டோ சாமி. தலைச்சுமை வியாபாரி.
லைசென்ஸ் இல்லை.
மொழிபெயர்க்க ஆளில்லை.
ஒத்திவைப்பு.
பிணையாக வாங்கி வைத்தது
ஊசி ஆறு பொட்டலம், அங்குஸ்தான் பன்னிரண்டு.

அடுத்த பக்கம் புரட்டினேன்.
அதற்கடுத்ததும். வருஷமே தீர்ந்தது.
அவர் வரவில்லை.
வந்தும் எழுதாமல் விட்டார்களோ.

"மூட்டோ" என்றாள் ஈனிட், தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து.
முத்து என்றேன்.
முத்துசாமியாக இருக்கலாம்.
வேறு யாராகவும் இருக்கலாம்;
அன்றைக்கு அந்தக் குமாஸ்தாவின் காதில்
என்ன விழுந்ததோ, யார் கண்டது.

"இன்னொரு தரம், வாய்விட்டு."
சொன்னேன்.
கூடத்தின் உயரம் அதைக்
கொஞ்சம் வைத்திருந்து திருப்பித் தந்தது.
அவளும் சொல்லிப்பார்த்தாள். 'த்' படியவில்லை.
அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போய்விட்டாள்.

கண்ணாடிப் பெட்டியில் நாற்பத்தோராம் எண்:
'உரிமை கோரப்படாதவை. தொடாதீர்கள்.'
அவள் கையெழுத்துதான்.
எண்ணினேன். பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.

கேட்கலாமென்று பின்கட்டுக்குப் போனால்
விளக்கடியில் உட்கார்ந்து
திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்,
நடுவிரலில் பித்தளைத் தொப்பியோடு.
"ஐம்பது வருஷமாய் இதுதான்" என்றாள்
நிமிராமல்.
"வழக்கு முடிந்தால் சொல்."